நமீபியா குழுப்பயணம்: செஸ்ரியத்தில் எங்கே தங்குவது?

ஜூலையில் 8 நாள் வேன் பயணம், நமீப் பாலைவன மணல்மேடுகள் உள்ள பூங்காவின் செஸ்ரியம் வாயிலுக்கு வெளியே விடுதி, சூரிய உதயத்தை மணல்மேட்டில் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். சிரமம்தான். வெளிவாயில் சூரிய உதயத்துக்குத்தான் திறக்கும். பூங்காவுக்குள் தங்குபவர்களுக்கு மட்டும் உள்வாயிலை ஒரு மணி நேரம் முன்பே திறந்துவிடுவார்கள். உள்ளே செஸ்ரியம் முகாமில் இடம் கிடைக்குமா என்று ஏற்பாட்டாளரிடம் இப்போதே கேளுங்கள். ஜூலை கூட்டமான மாதம்.

மாற்ற முடியாவிட்டாலும், காய்ந்த மரங்கள் நிற்கும் வறண்ட களிமண் வெளியான டெட்வ்லே வீணாகாது. வாயிலிலிருந்து சுமார் 60 கி.மீ. தார்ச்சாலை, கடைசி 5 கி.மீ. ஆழ்மணல். சாதாரண வேன் அங்கே புதைந்துவிடும், அதனால் நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டிக்கு மாறவேண்டும். அந்தக் கட்டணம் உங்கள் தொகையில் சேர்ந்ததா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், தகராறு வருவது இதில்தான். இறங்கியபின் மணலில் ஒரு கிலோமீட்டர் நடை. வழியில் 45-ஆம் மணல்மேட்டைத் திரும்பும்போது ஏறலாம் என்று விட்டுவைத்தால் கால் பொசுங்கும்.

கடற்கரை நகரான ஸ்வாகோப்முண்டுக்குப் போகும் நாள் ஏறக்குறைய 350 கி.மீ., பெரும்பாலும் சரளைச் சாலை. புழுதி எல்லாவற்றிலும் புகும். கேமராவை ஜிப் பையில் வையுங்கள், வண்டிக்குள் லென்ஸ் மாற்றவேண்டாம்.

எட்டோஷா வனவிலங்குப் பூங்காவில் ஒக்காகுவேயோ முகாமுக்குள்ளேயே ஓரிரவாவது கேளுங்கள். விளக்கொளியிலுள்ள அதன் நீர்நிலைக்குக் கருப்புக் காண்டாமிருகம் இருட்டிய பிறகே அதிகம் வரும். வெளியே தங்கினால் சூரியன் மறைவதற்குள் வாயிலைத் தாண்டி வெளியேறவேண்டும். கம்பளிக் குல்லாய் மறக்காதீர்கள், பாலைவன இரவு உறையும் அளவுக்குக் குளிரும்.