மகள் பயிர் ஆராய்ச்சி படிக்கட்டும், கணிதத்தை மட்டும் விடவேண்டாம்

அம்மா, "தாத்தா கரும்புக் காட்டில் பட்ட பாடு போதாதா, இவளும் வெயிலுக்கா போகணும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். 1860இலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குத் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேறி வந்தவர்களின் வழியில் வந்தவர்கள் நாம், டர்பனின் பீனிக்ஸ், சாட்ஸ்வொர்த் வீடுகளில் இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் உங்கள் மகள் கேட்பது வேறு வேலை, புதிய பயிர் ரகங்களை உருவாக்குகிற வேலை.

மக்காச்சோளத்தையே பாருங்கள். பூக்கிற சமயத்தில் மழை பொய்த்தால் உச்சியில் ஆண்பூ வழக்கம்போல மகரந்தத்தைக் கொட்டிவிடும், கதிரிலிருந்து மகரந்தத்தை வாங்குகிற பட்டு இழை வெளியே வருவதோ நாள் கணக்கில் தள்ளிப்போகும், அது வரும்போது மகரந்தம் தீர்ந்திருக்கும், கதிர் பொக்கையாக நிற்கும். வறட்சியிலும் இந்த இரண்டும் அடுத்தடுத்து வருகிற செடிகளைத் தேடிப் பொறுக்கி, தலைமுறை தலைமுறையாகக் கலந்துதான் சிமிட் என்ற சர்வதேச மக்காச்சோள, கோதுமை ஆராய்ச்சி மையத்தில் வறட்சி தாங்கும் ரகங்களைக் கொண்டுவந்தார்கள். பாத்தி பாத்தியாக நடந்து பூத்த தேதியைக் குறிக்கவேண்டும், அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போடவேண்டும். பொறுமையும் புள்ளியியலும் சரிபாதி.

டர்பன் பக்கத்து மவுண்ட் எட்ஜ்கோமில் 1925இலிருந்து கரும்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே தேர்வு செய்து உலகமெங்கும் போன என்சிஓ 310 என்ற கரும்பு ரகத்துக்கு விதை கோயம்புத்தூரில் கலப்பு செய்து வந்தது. தாத்தா வெட்டியதில் அதுவும் இருந்திருக்கலாம்.

சரி, வழி. ஒன்பதாம் வகுப்பில் பாடம் தேர்ந்தெடுக்கும்போது அன்றாடக் கணக்கை மட்டும் சொல்லித்தருகிற மேத்ஸ் லிட்டரசி பக்கம் போகவே கூடாது, முழுக் கணிதமும் பிசிக்கல் சயின்ஸும் லைஃப் சயின்ஸும் எடுக்கட்டும். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் நான்கு வருட விவசாயப் பட்டம் இருக்கிறது, ஆப்பிரிக்கா முழுவதிலிருந்தும் பயிர் இனவிருத்தி முனைவர் படிப்புக்கு மாணவர்கள் வருகிற மையமும் அங்கேதான். பட்டத்தோடு நிறுத்தினால் பெரும்பாலும் உதவியாளர் வேலைதான் கிடைக்கும், மாஸ்டர்ஸாவது வேண்டும், அந்தச் செலவுக்கும் காலத்துக்கும் இப்போதே மனதைத் தயார் செய்யுங்கள். அரசின் வேளாண் ஆராய்ச்சி மன்றம், கிரேடவுனில் உள்ள விதை நிறுவனம் போன்ற இடங்களில் வேலைக்கு விண்ணப்பிக்கலாம்.

இன்னொன்று, எனக்கு மிக முக்கியமாகப் படுவது. நல்ல ரகம் கிடங்கில் கிடந்தால் சிறு விவசாயிக்கு என்ன பயன்? ஹைப்ரிட் விதையை ஒவ்வொரு பருவமும் காசு கொடுத்து வாங்கவேண்டும். திறந்த மகரந்தச் சேர்க்கை ரகமானால் அறுவடையிலிருந்தே எடுத்துவைத்து விதைக்கலாம், விளைச்சல் பொதுவாகக் கொஞ்சம் குறைவு. கையில் காசில்லாத ஒரு பாட்டிக்கு எது உதவும் என்று அவரிடமே போய்க் கேட்கத் தெரிந்தவள்தான் இந்தத் துறைக்கு வேண்டும். அதனால் இசிசூலு, அதாவது சூலு மொழி, நன்றாகப் பேசக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள், ஆங்கிலம் மட்டும் வைத்துக்கொண்டு அந்த வயல்களில் பேச முடியாது.

பாடத் தேர்வுப் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் கணித ஆசிரியரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.