தமிழய்யாவின் மூச்சு – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

சென்ற மாதம் உங்கள் பள்ளி நாட்களைப் பற்றி எழுதியபோது, சீர்காழிப் பக்கத்தில் உங்களுக்குத் தேவாரம் சொல்லித்தந்த தமிழய்யா ஒருவரை நான்கே வரிகளில் குறிப்பிட்டிருந்தீர்கள். அவர் என் அப்பா. 1987 கார்த்திகையில் அவர் இறந்தபோது அவருக்கு 39 வயது, எனக்கு 5. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இரவெல்லாம் கண்மூடியிருந்த ஓர் உருவம் மட்டும்தான் எனக்கு நினைவிருக்கிறது. அப்பா ஜபம் செய்கிறார், தொந்தரவு செய்யாதே என்று அம்மா என்னை அழைத்துப் போவார்.

அவர் போன பிறகு அம்மா திருமுறைப் புத்தகங்களை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். உப்பில்லாமல் சாப்பிடுவது, உட்கார்ந்தே உறங்குவது, உடம்பு முடியாத நாளிலும் திருநீலகண்டப் பதிகம் பாடுவது என்று பக்தியே அவரைத் தின்றுவிட்டது என்பது அம்மாவின் முடிவு. நானும் அதை நம்பித்தான் வளர்ந்தேன். என் அப்பாவைக் கொன்றது அவருடைய பக்தியா? வகுப்பில் அவர் எப்படி இருந்தார்? இந்த இரண்டையும் உங்களிடம் கேட்க விரும்புகிறேன். என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் உண்டு. உங்கள் முதல் கேள்விக்கான விடையில் ஒரு பகுதி நாற்பது ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. அதைப் பொதுவில் எழுதலாமா என்று தனியே கேட்டபோது நீங்கள் சம்மதித்தீர்கள். ஆனாலும் இரண்டாவது கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும். வகுப்பறையில் நான் கண்டதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் உங்களுக்கு விளங்காது.

ஐயா காலையில் கோயிலுக்குப் போய்விட்டு, நெற்றி நிறைய நீறோடு நேரே பள்ளிக்கு வருவார். செய்யுள் பகுதியை உரைநடை போல வாசித்து அவர் ஒருநாளும் நடத்தியதில்லை. தேவாரம் என்றால் பாடித்தான் நடத்துவார். அவர் பாடும் முறை ஒன்றை எங்கள் ஊரில் வேறு யாரிடமும் நான் கேட்டதில்லை. ‘தோடுடைய செவியன்’ என்று பாடி நிறுத்துவார். வலது கையை மேசைமேல் ஊன்றிக்கொண்டு எங்களைப் பார்ப்பார். ‘விடையேறி’ என்று நாற்பது பேரும் எடுக்க வேண்டும். அடுத்த சீரை அவர் பாடுவார், அதற்கடுத்தது எங்களுடையது. இப்படிப் பாதி அவரும் பாதி நாங்களுமாகப் பாடியே பதிகங்கள் எங்களுக்கு மனப்பாடமாயின. சீர் பிரித்துப் பாடியதால் யாப்பும் கூடவே வந்துவிட்டது. தளை தட்டினால் காதில் உறுத்தும் என்ற பயிற்சி எனக்கு அங்கே கிடைத்ததுதான். மற்ற வகுப்புப் பையன்கள் ஜன்னலோரம் நின்று கேட்பார்கள். கல்வி அதிகாரி ஒருவர் ஆய்வுக்கு வந்தபோது, இதை ஒரு கற்பித்தல் உத்தி என்று எல்லோர் முன்னிலையிலும் பாராட்டிவிட்டுப் போனார். ஐயா தலையைக் குனிந்துகொண்டார். அடக்கம் என்று நாங்கள் நினைத்தோம்.

சம்பந்தர் பதிகங்களில் பத்தாம் பாட்டு பெரும்பாலும் சமணரையும் பௌத்தரையும் பழிப்பதாக இருக்கும். கோயிலில் பாடும்போது ஐயா அதையும் விடாமல் பாடுவார். வகுப்பில் ஒன்பதிலிருந்து நேரே பதினொன்றாம் பாட்டுக்குப் போய்விடுவார். ஒருமுறை நான் எழுந்து கேட்டேன். அங்கே கேட்பவர் சுவாமி, இங்கே கேட்பவர்கள் நீங்கள் என்றார். எங்கள் வகுப்பில் இருந்த முஸ்லிம் மாணவனைச் சீறாப்புராணப் பாடலைப் படிக்கச் சொல்லும்போது, தேவாரத்துக்கு நிற்பதைப் போலவே எழுந்து நின்று கேட்பார். அந்த நண்பன் இன்றும் அதைச் சொல்லுகிறான். பக்தர் என்று நீங்கள் கேள்விப்பட்ட மனிதரின் பக்தி வகுப்பறையில் இப்படித்தான் இருந்தது. யாரையும் அது நெருக்கவில்லை.

1981-இல் நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, நால்வர் பெருமக்களின் வயதைச் சொல்லும் பழைய வெண்பா ஒன்றைக் கரும்பலகையில் எழுதிப்போட்டார். அப்பருக்கு 81, வாதவூரரான மாணிக்கவாசகருக்கு 32, சுந்தரருக்கு 18, சம்பந்தருக்கு 16. திருமணத்தன்றே நல்லூர்ப்பெருமணத்தில், அதாவது நம் ஆச்சாள்புரத்தில், சம்பந்தர் சோதியில் கலந்த கதை எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாததல்ல. என்றாலும் எண்களை வரிசையாகப் பார்த்தபோது ஒரு பையனுக்குத் துணுக்கென்றிருந்தது போலும். மூன்று பேர் ஏன் ஐயா இவ்வளவு சீக்கிரம் போய்விட்டார்கள் என்று கேட்டுவிட்டான். ஐயா உடனே விடை சொல்லவில்லை. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, “நான் வாதவூரரைத் தாண்டி ஒரு வருஷமாகிவிட்டது” என்றார். நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார். 33 வயதுக்காரர் ஒருவர் தம் வயதை எதனோடு ஒப்பிட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார் என்பது அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

இனி, நான் சொல்லாமல் வைத்திருந்தது.

1983-இல் நான் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை, தஞ்சாவூரில் இலக்கியப் போட்டி என்று உங்கள் வீட்டிலும் என் வீட்டிலும் சொல்லிவிட்டு ஐயா என்னை ரயிலில் அழைத்துப் போனார். போட்டி எதுவும் இல்லை. ஒரு மருத்துவமனையில் அவருக்குப் பரிசோதனை இருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு நடக்க ஓர் ஆள் தேவைப்பட்டிருக்கிறது. மருத்துவர் சொன்னதில் பாதிதான் எனக்கு அப்போது புரிந்தது. மீதியை, என் வகுப்புத் தோழன் ஒருவன் பின்னாளில் இதய மருத்துவனாகி, எனக்குப் பொறுமையாக விளக்கினான்.

சிறுவயதில் தொண்டைப் புண்ணோடு வரும் காய்ச்சலைச் சரியாகக் கவனிக்காமல் விட்டால், சில குழந்தைகளுக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து மூட்டுகள் வீங்கும். முழங்காலில் தொடங்கும் வீக்கம் கணுக்காலுக்குப் போகும், பிறகு மணிக்கட்டுக்கு வரும். அதுவும் தானாகவே வடிந்துவிடுவதால் வீட்டார் மறந்துவிடுவார்கள். ருமாட்டிக் காய்ச்சல் என்று அதற்குப் பெயர். மூட்டு வீக்கம் வடிந்த பிறகும் இதயத்தின் வால்வில் அது விட்டுச்சென்ற புண் ஆறித் தழும்பாகி, ஆண்டுக்கணக்கில் மெல்ல இறுகிக்கொண்டே வரும். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசியை விடாமல் போட்டுக்கொண்டால் காய்ச்சல் திரும்ப வராமல் தடுக்கலாம். ஐயாவுக்குப் பத்து வயதில் காய்ச்சல் வந்திருக்கிறது. ஊசியும் சில ஆண்டுகள் போட்டிருக்கிறார்கள். உடம்பு தேறிவிட்டது என்று நடுவில் நிறுத்திவிட்டார்கள்.

அந்த வால்வு சுருங்கினால் நுரையீரலிலிருந்து வரும் இரத்தம் இதயத்துக்குள் நுழைய வழியில்லாமல் தேங்கும். நாலு படி ஏறினால் மூச்சிரைக்கும். ஒரு முழு அடியை ஒரே மூச்சில் பாட முடியாது. பாதியில் நிறுத்தி, மேசைமேல் கையை ஊன்றி, மாணவர்கள் மீதியைப் பாடும் நேரத்தில் மூச்சைத் திரட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். கல்வி அதிகாரி பாராட்டிய உத்தி அதுதான். மல்லாந்து படுத்தால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டுவதால், இந்த நோய் முற்றியவர்கள் உட்கார்ந்தபடிதான் உறங்குவார்கள். சகோதரி, நீங்கள் ஐந்து வயதில் பார்த்தது ஜபம் அல்ல. உப்பைக் குறைக்கச் சொன்னவரும் மருத்துவர்தான். என் காதால் கேட்டேன். வீட்டில் கேட்டால் விரதம் என்று சொல்லிக்கொள்கிறேன் என்று ஐயா அவரிடமே சொன்னார்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் விடை, இல்லை என்பதே. பக்தி அவரைக் கொல்லவில்லை. நோயை மறைக்க அவர் பக்தியை ஒரு திரையாகப் பிடித்துக்கொண்டார். உங்கள் அம்மா திரையைத்தான் பார்த்தார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அது திரை என்பதால் பக்தி பொய்யாகிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டும் அவரிடம் உண்மையாகவே இருந்தன.

திருநீலகண்டப் பதிகத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். கொங்கு நாட்டில், இன்றைய திருச்செங்கோட்டில், உடன் வந்த அடியார்களைக் குளிர்காய்ச்சல் பிடித்தபோது சம்பந்தர் பாடியது அது. ‘செய்வினை வந்தெமைத் தீண்டப்பெறா’ என்பதில் ‘எமை’ என்ற சொல்லைக் காட்டி, தன்மைப் பன்மைக்கு ஐயா எங்களுக்கு இலக்கணம் சொன்னார். பிறருக்காகப் பாடியது, அதனால் ‘என்னை’ என்று வரவில்லை என்பார். எங்கள் தெருவில் ஒரு பையனுக்குக் காய்ச்சல் கண்டபோது, அவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்தப் பதிகத்தைப் பாடிவிட்டு, பாடி முடித்த கையோடு அவனைப் பஸ்ஸில் ஏற்றிச் சீர்காழிக்கு மருத்துவரிடம் கூட்டிப்போனதும் அவரேதான். அந்தப் பதிகத்தின் முதற்பாட்டே ‘உய்வினை நாடாதிருப்பதும் உந்தமக்கு ஊனமன்றே’ என்று கேட்கிறது. பிழைக்கும் வழியைத் தேடாமல் இருப்பது உங்களுக்குக் குறையல்லவா என்பது அதன் பொருள். இந்த அடியை எங்களுக்கு விளக்கியவர், தமக்கென்று வந்தபோது அந்த வழியைத் தேடவில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம்.

வழி இருந்தது. துடித்துக்கொண்டிருக்கும் இதயத்துக்குள் விரலையோ கருவியையோ செலுத்தி, இறுகிய வால்வைப் பிரித்துவிடும் அறுவை சிகிச்சை அப்போதே வேலூரிலும் சென்னையிலும் பல ஆண்டுகளாக நடந்துவந்தது. தஞ்சாவூர் மருத்துவர் அதைத்தான் சொன்னார். தள்ளிப்போட வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னார். பத்தாம் வகுப்புப் பையன்களுக்குப் பரீட்சை முடியட்டும் என்றார் ஐயா. ஒவ்வோர் ஆண்டும் ஒரு பத்தாம் வகுப்பு இருக்கத்தானே செய்யும்? பணம், விடுப்பு, அறுவை மேசையிலேயே உயிர் போய்விட்டால் மனைவியும் குழந்தையும் என்னாவார்கள் என்ற பயம், இவையெல்லாம் அந்தப் பதிலுக்குள் இருந்திருக்க வேண்டும். அவர் எனக்குச் சொன்னது பரீட்சையை மட்டுந்தான்.

திரும்பும் முன் பெரிய கோயிலுக்குப் போனோம். உள்ளே முழுவதும் அவரால் நடக்க முடியவில்லை. நந்தி மண்டபத்துக்குப் பக்கத்தில், வெயில் இறங்கியும் சூடு ஆறாத கல்தரையில் துண்டை விரித்து உட்கார்ந்தார். ‘மாசில் வீணையும்’ என்று தொடங்கினார். நான் அடுத்த சீரை எடுக்கப்போனபோது கையமர்த்திவிட்டு, தாமே முழுவதையும் பாடினார். நான்கே அடியுள்ள அந்தப் பாட்டுக்கு எத்தனை இடத்தில் நின்றார் என்று என்னால் எண்ண முடியவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. பாடி முடித்ததும், “வீட்டில் சொல்லாதே அப்பா” என்றார். சரி ஐயா என்றேன்.

பதினாறு வயதில் அது குருவுக்குக் கொடுத்த வாக்கு என்று எனக்குப் பெருமையாகவே இருந்தது. மேற்படிப்புக்காக ஊரைவிட்டுப் போனேன். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறேன், உங்கள் அம்மா கையால் மோர் வாங்கிக் குடித்திருக்கிறேன், கூடத்துச் சுவரில் அவர் சாயும் இடத்தில் எண்ணெய்க் கறை பெரிதாகிக்கொண்டே போவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு சொல் சொல்லியிருந்தால் உங்கள் அம்மா அவரைக் கையோடு வேலூருக்கு இழுத்துப் போயிருப்பார் என்றே நினைக்கிறேன், அவர் அப்படிப்பட்டவர்தான். 1987 கார்த்திகையில் நண்பன் எழுதிய தபால் அட்டை என் கைக்கு வந்தபோது எல்லாம் முடிந்து நான்கு நாளாகியிருந்தது.

வருகிற சித்திரையில் சீர்காழித் திருமுலைப்பால் உற்சவத்துக்கு வருகிறேன். அம்மாவுக்கு உடம்பு இடம்கொடுத்து, அவர் சம்மதித்தால், வீட்டுக்கு வர விரும்புகிறேன். தஞ்சாவூருக்குப் போய்வந்த அந்தச் சனிக்கிழமையைப் பற்றி இதை நீங்கள் அவருக்குப் படித்துக்காட்ட வேண்டாம். நானே அவர் எதிரில் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

அன்புடன்,
உங்கள் அப்பாவின் மாணவன்