ஒரு மருத்துவ முகாமில் பார்த்தபோது அப்பாவுக்கு பிபி 150/96, ஆனால் தலைசுற்றல், தலைவலி எதுவும் இல்லை, உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை. அப்படியே விட்டுவிடலாமா?

விடாதீர்கள். ஒரே ஒரு முகாமில் பார்த்த எண்ணை வைத்து பிபி என்று முடிவு கட்டவும் வேண்டாம். ஆனால் “தலைசுற்றல், தலைவலி எதுவும் இல்லை” என்று எழுதியிருக்கிறீர்கள், அதைத்தான் நம்பக் கூடாது.

எங்கள் வீடு காரைக்குடிப் பக்கம். அப்பத்தாவுக்கு 160க்கு மேல் இருந்ததால் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒரு மாதம் போட்டார். “எனக்குத்தான் ஒண்ணும் செய்யலையே, எதுக்கு மாத்திரை?” என்று நிறுத்திவிட்டார். நாங்களும் சரி என்று இருந்துவிட்டோம். ஏழெட்டு மாதம் கழித்து ஒரு காலையில் காபி டம்ளரை எடுக்க வலது கை எழும்பவில்லை, பேச்சு குழறியது. பக்கவாதம். ரத்தக்கொதிப்பு பெரும்பாலும் வெளியே எதையும் காட்டாது. உள்ளே ரத்தக்குழாய், இதயம், சிறுநீரகம், மூளை எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டே இருக்கும்.

முதலில் சரியாக அளந்து பாருங்கள். மாடிப்படி ஏறிய மூச்சோடு பார்த்தால் எண் கூடத்தான் செய்யும். அரை மணி நேரத்துக்கு முன்பிருந்தே காபி, டீ வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரட்டும். கை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் இருக்க வேண்டும். இப்படி வேறு வேறு நாட்களில் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் வந்தால் அது ரத்தக்கொதிப்புதான்.

அப்புறம் உப்பு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம், ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. நாங்கள் உப்புப் பாக்கெட்டின் மேல் பிரித்த தேதியைப் பேனாவால் எழுதி வைத்தோம். வீட்டில் நான்கு பேர், கணக்குப்படி ஒரு கிலோ 50 நாள் வர வேண்டும். 22 நாளில் தீர்ந்தது! ஆளுக்கு 11 கிராமுக்கு மேல். ஊறுகாய்க்குப் போட்ட கல் உப்பு இந்தக் கணக்கிலேயே இல்லை.

எங்கள் பக்கத்துச் சமையலைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. குழம்பின் காரத்தால் பிபி ஏறுவதில்லை. பக்கத்தில் வைப்பதுதான் வினை: மோர் மிளகாய், வடகம், ஊறுகாய், உப்புக்கண்டம். அப்பத்தா தயிர்சோற்றில் மோர் மிளகாயை நுணுக்கிப் பிசைந்து, அதற்கு மேல் ஒரு சிட்டிகை உப்பும் தூவிக்கொள்வார். இப்போது சாப்பிடும் இடத்தில் உப்பு ஜாடியே வைப்பதில்லை. வற்றலும் ஊறுகாயும் ஞாயிற்றுக்கிழமை மட்டும். ஒரு கிலோ 38 நாள் வருகிறது. இந்துப்பு நல்லது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அதிலும் சோடியம்தான்.

தினமும் அரை மணி நேரம் வேகமான நடை, தொப்பை இருந்தால் குறைப்பது, புகையும் மதுவும் விடுவது, இதெல்லாம் தெரிந்ததுதான். பலருக்குத் தெரியாத ஒன்று: மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் தானாக வாங்கிப் போடும் சில வலி மாத்திரைகளும் பிபியை ஏற்றும். அப்பாவுக்கு அந்தப் பழக்கம் இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

மாத்திரை எழுதிக் கொடுத்தால், எண் இறங்கிவிட்டது என்று அவராக நிறுத்த விடாதீர்கள். அது இறங்கியிருப்பதே மாத்திரையால்தான். செலவு கவலை என்றால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருகிறார்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிபி பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். அப்பத்தாவுக்கு இப்போது அப்படித்தான் வருகிறது. வாங்கியதும் இடது கையாலேயே எண்ணிப் பார்த்து டப்பாவில் போட்டுக்கொள்கிறார்.