பழைய பிரிட்டிஷ் லாரி வாங்குமுன்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பழைய பிரிட்டிஷ் லாரிகளைப் பற்றிக் கேள்விகள் சேர்ந்துகொண்டே போனதால் இந்த முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன். ஓடுகிற வண்டி வாங்க நினைப்பவர், பொம்மை சேர்ப்பவர், கையில் ஒரே ஒரு பழைய படத்தை வைத்துக்கொண்டு விழிப்பவர் என்று எல்லாரும் இருக்கிறார்கள். எல்லாரும் மாட்டிக்கொள்கிற இடம் மட்டும் ஒன்றுதான்: முகப்பைப் பார்த்ததும் முடிவு செய்துவிடுகிறார்கள்.

கேள்வி (லெஸ்டர் வாசகர்): இணைய ஏலத்தில் "1959 லேலண்ட் காமெட், ஓடும் நிலையில்" என்று ஒரு லாரி வந்திருக்கிறது. படத்தைப் பார்த்த நண்பர், அது டாட்ஜ் என்று அடித்துச் சொல்கிறார். விற்பவரோ, "முன்னால் பெயரே எழுதியிருக்கிறதே" என்கிறார். யாரை நம்புவது?

பதில்: இப்போதைக்கு இருவரையும் நம்ப வேண்டாம். உங்கள் நண்பர் சந்தேகப்படுவதில் நியாயம் இருக்கிறது. 1958 வாக்கில் கோவென்ட்ரியின் மோட்டார் பேனல்ஸ் நிறுவனம் தயாரித்த ஒரே கேபின் லேலண்ட், ஆல்பியன், டாட்ஜ் மூன்றுக்கும் போனது. மூன்றின் முதல் எழுத்துகளைச் சேர்த்து அதை "லாட்" கேபின் என்பார்கள். கண்ணாடி, கதவு, கூரை எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான். பார்த்ததும் தெரிகிற வேறுபாடு முன்பக்கக் கிரில்லும் அதில் இருக்கும் எழுத்தும். அதைக் கழற்றி மாட்ட ஒரு மதியப் பொழுது போதும்.

இது ஒரு தடவை நடந்த கதையும் இல்லை. 1947-இல் காமெட் முதலில் வந்தபோது பிரிக்ஸ் நிறுவனத்தின் கேபினோடு வந்தது. அதே குடும்பத்துக் கேபின் அன்றைய டாட்ஜுக்கும் ஃபோர்டின் தேம்ஸ் லாரிக்கும் உண்டு. பிறகு 1964-இல் எர்கோமேட்டிக் என்ற சாய்த்துத் திறக்கும் கேபின் வந்தது. அதை லேலண்ட், ஏ.இ.சி., ஆல்பியன் மூன்றும் பகிர்ந்துகொண்டன. 1951-இல் ஆல்பியனையும், 1962-இல் ஏ.இ.சி.யின் தாய் நிறுவனத்தையும் லேலண்ட் வாங்கிவிட்டதால் அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. டாட்ஜ் மட்டும் கடைசி வரை வேற்றுக் குடும்பம்.

சரி, எப்படித் தெரிந்துகொள்வது? பலர் உடனே எஞ்சினைப் பார்க்கச் சொல்வார்கள். டாட்ஜில் பெரும்பாலும் பெர்கின்ஸ் டீசல், காமெட்டில் லேலண்டின் சொந்த எஞ்சின். ஆனால் டாட்ஜின் சில மாடல்களிலேயே லேலண்ட் எஞ்சினும் வந்திருக்கிறது. போதாக்குறைக்கு, அறுபது வருஷத்தில் எஞ்சின் மாறாத லாரி அபூர்வம். கார்ட்னர் எஞ்சினைக் கேட்கவே வேண்டாம்: மான்செஸ்டர் பக்கத்து பேட்ரிக்ராஃப்டில் செய்த அந்த எஞ்சினை ஈ.ஆர்.எஃப்., ஃபோடன், அட்கின்சன், கை (Guy), ஸ்காமெல் என்று எல்லாரும் வாங்கிப் பொருத்தினார்கள். கார்ட்னர் சத்தம் கேட்கிறது என்பதால் அது இன்ன வண்டி என்று சொல்லிவிட முடியாது.

கடைசியில் பேச வேண்டியது சேஸிஸ்தான். விற்பவரிடம் மூன்று படம் கேளுங்கள். ஒன்று, நிறுவனத் தகடு. இரண்டு, சேஸிஸ் சட்டத்தின் இரும்பில் அடித்திருக்கும் எண். மேலே இருக்கும் பெயின்டையும் கிரீஸையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு எடுத்த படமாக இருக்கட்டும். மூன்று, வி5சி பதிவுச் சான்றில் அந்த எண் இருக்கும் பகுதி. மூன்றும் ஒத்துப்போனால் மேலே பேசுங்கள். தகடு மட்டும் பளபளவென்று, சுற்றியுள்ள இரும்பு துருவோடு இருந்தால் தகடு வேறெங்கிருந்தோ வந்திருக்கலாம். இன்னொன்று: வி5சி-இல் இருப்பவர் வண்டியை வைத்திருப்பவராகப் பதிவானவர் மட்டுமே. அது சொத்துரிமைப் பத்திரம் ஆகாது. வாங்கிய ரசீதையும் கேட்டுப் பாருங்கள்.

அது டாட்ஜ் என்றே தெரிந்தாலும் வருத்தப்பட வேண்டாம், நல்ல வண்டிதான். லேலண்டுக்கான விலையைக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

கேள்வி (ஹாரோ வாசகர்): ஒரு பெட்ஃபோர்ட் டி.கே. வாங்கி, கோடைக்காலக் கண்காட்சிகளுக்கு ஓட்டிப் போக ஆசை. பழைய லாரியை வெறும் கார் லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

பதில்: பாதி உண்மை. அந்தப் பாதி உங்களுக்கு உதவாது. பிரிட்டனில் 1960 ஜனவரி 1-க்கு முன் தயாரான சரக்கு வண்டியை, சுமை ஏற்றாமலும் சுமையுள்ள டிரெய்லரை இழுக்காமலும் ஓட்டினால் கார் லைசென்ஸ் போதும். டி.கே. விற்பனைக்கு வந்ததே 1960-இல்தான்! அந்தச் சலுகைதான் முக்கியம் என்றால் 1950-இல் வந்த பெட்ஃபோர்ட் எஸ் வகையையோ அதற்கும் முந்தைய ஓ வகையையோ தேடுங்கள்.

டி.கே.தான் வேண்டுமென்றால் உங்கள் லைசென்ஸை எடுத்துப் பாருங்கள். பிரிட்டனில் 1997 ஜனவரி 1-க்கு முன் கார் டெஸ்ட் பாஸ் செய்தவர்களுக்கு சி1 பிரிவு தானாகவே இருக்கும், 7.5 டன் வரையிலான லாரியை அதில் ஓட்டலாம். டி.கே.யில் அந்த எடைக்குள் வருபவையும் உண்டு, அதைத் தாண்டியவையும் உண்டு. ஆக, மொத்த எடை என்னவென்று தகட்டில் படித்துவிட்டுத்தான் முன்பணம் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு பாஸ் செய்தவர் என்றால் தனி டெஸ்ட் எழுத வேண்டியிருக்கும்.

இனி வண்டிக்கு வருவோம். டி.கே.யின் எஞ்சின் இருக்கைக்கு அடியிலும் பின்னாலும் இருக்கும். கதவுக்குப் பின்னாலுள்ள பக்கவாட்டு மூடியைத் தூக்கினால் நின்றபடியே வேலை பார்க்கலாம். அந்தக் காலத்து மெக்கானிக்குகள் இந்த வண்டியை விரும்பியதற்கு இதுவே பாதிக் காரணம். 1980-கள் வரை செய்ததால் உதிரிபாகம் கிடைக்கும். எஞ்சினைவிடக் கேபின் தகரம்தான் செலவு வைக்கும். படிக்கட்டு, தரை, சக்கரத்துக்கு மேல் வளைவு, முன் கண்ணாடியின் அடி விளிம்பு, இங்கெல்லாம் ஒரு சின்னக் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். போன மாதம் பெயின்ட் அடித்த லாரியைவிட, துரு வெளியே தெரிகிற லாரியே மேல் என்பேன்.

இரண்டு ஆபத்துகள் உண்டு. பழைய லாரிகளில் பல துண்டாகப் பிரியும் சக்கர வளையங்கள் இருக்கும். காற்றை முழுக்க இறக்காமல் அதில் கை வைத்தால் வளையம் பீரங்கிக் குண்டாகப் பறக்கும், ஆளையே கொன்றுவிடும். அந்த வேலையைத் தெரிந்த டயர் கடைக்காரரிடம் விட்டுவிடுங்கள். மற்றது பிரேக் லைனிங். பழசில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள்.

40 வருஷம் தாண்டிய வண்டியை வரலாற்று வண்டிப் பிரிவில் மாற்றிக்கொண்டால் சாலை வரிப் பணம் கட்ட வேண்டாம். ஆனால் வருஷா வருஷம் வரிப்பதிவு செய்தே ஆக வேண்டும், வியாபாரத்துக்கும் ஓட்டக் கூடாது. அப்புறம், எங்கே நிறுத்தப் போகிறீர்கள்? ஹாரோவில் காருக்கே இடம் இல்லை.

கேள்வி (மான்செஸ்டர் வாசகி): மருமகன் ஆங்கிலேயர். அவருடைய தாத்தா லாரி ஓட்டியவர். லாரியோடு அவர் நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இருக்கிறது: எட்டுச் சக்கரம், முன்னால் வட்டத்துக்குள் "ஏ" எழுத்து, பக்கவாட்டில் சின்னதாக ஏதோ எண்கள், பின்னால் ஒரு வட்டத்தில் 20. பிறந்தநாளுக்கு அந்த லாரியின் பொம்மை மாடலை வாங்கித் தர நினைக்கிறேன். எந்த லாரி அது?

பதில்: அட்கின்சன். லங்காஷயரில் பிரெஸ்டன் பக்கத்து வால்டன்-லி-டேலில் செய்தது. "ஏ"யில் தொடங்கும் பெயர்கள் நிறைய இருப்பதால் குழப்பம் வரும். ஏ.இ.சி. என்றால் நீல முக்கோணம். ஆல்பியன் கிளாஸ்கோ வண்டி, அதன் அடையாளம் உதிக்கும் சூரியன். வட்டத்துக்குள் பெரிய "ஏ" இருந்தால் அட்கின்சன்தான். கீழே "நைட் ஆஃப் தி ரோட்" என்ற வாசகமும் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

படம் எந்தக் காலத்தது என்பதை அந்த 20 சொல்கிறது. சுமையில்லாமல் 3 டன்னுக்கு மேல் எடையுள்ள லாரிகளுக்கு அப்போது மணிக்கு 20 மைல்தான் வேகம், அதைப் பின்னால் எழுதியிருக்க வேண்டும். 1957-இல்தான் வரம்பு 30 ஆனது. ஆகவே படம் அதற்கு முந்தையதாகத்தான் இருக்க வேண்டும். பக்கவாட்டு எண்கள் வெற்று எடை: டன், ஹண்ட்ரட்வெயிட், குவார்ட்டர். நடுவில் இருப்பது இலங்கையில் அந்தர் என்று சொல்வோமே, அது. எட்டுச் சக்கர வண்டிக்கு 3 டன்னுக்குள் அடங்க வழியே இல்லை. சின்ன லாரிகளோ அந்த 20-இல் மாட்டாமல் இருக்க, எடை 3 டன்னைத் தொடாதபடி பார்த்துப் பார்த்துச் செய்யப்பட்டன.

திறந்த ரேடியேட்டரைப் பார்த்து வயதைக் கணக்கிடாதீர்கள். மற்றவர்கள் கிரில்லுக்கு மாறிய பிறகும் அட்கின்சன் பல ஆண்டுகள் அதே முகத்தோடுதான் வந்தது. பதிவு எண்ணில் மூன்று எழுத்து இருந்தால் கடைசி இரண்டும் எந்தப் பகுதியில் பதிவானது என்று காட்டும், "டி.இ." (TE) அல்லது "டி.ஜே." (TJ) லங்காஷயர், "எம்.பி." (MB) செஷயர். இது முதலாளியின் ஊர், தொழிற்சாலையின் ஊர் அல்ல.

மாடலுக்கு, பொம்மை நிறுவனங்களான கோர்கியின் 1:50 அளவிலும், இ.எஃப்.இ.யின் 1:76 அளவிலும் அட்கின்சன் எட்டுச் சக்கர வண்டிகள் வந்துள்ளன. இப்போது பழைய சரக்காகத்தான் கிடைக்கும். தாத்தாவின் கம்பெனிப் பெயரே எழுதிய மாடல் கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் பெயரை விட்டுவிட்டு உடலைப் பாருங்கள். படத்தில் தட்டையான மேடையா, தொட்டியா, டேங்கரா? அது பொருந்தட்டும். பெயரைப் பொடி எழுத்து ஸ்டிக்கராக அச்சடித்து ஒட்டிக்கொள்ளலாம். 1:50 சின்னது என்று நினைக்க வேண்டாம், அலமாரியில் ஒரு ஜாண் இடம் பிடிக்கும்.

கேள்வி (கொழும்பு வாசகர்): இங்கிலாந்தில் ஒருவர் ஈ.ஆர்.எஃப். லாரித் தகடு ஒன்றை விற்கிறார். சேஸிஸ் எண் 1, நிறுவனத்தின் முதல் வண்டியுடையது என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஃபோடன் குடும்பத்திலிருந்து பிரிந்து வந்த எட்வின் ரிச்சர்ட் ஃபோடன் 1933-இல் சாண்ட்பாச்சில் ஈ.ஆர்.எஃப்.பைத் தொடங்கியபோது அவருக்கு வயது 63. முதல் வண்டிக்குக் கொடுத்த எண்ணும் 63. சேஸிஸ் எண் 1 என்று ஒரு ஈ.ஆர்.எஃப். வந்தால் அந்தத் தகடு எங்கே அடிக்கப்பட்டது என்றுதான் கேட்க வேண்டும்.

கேள்வி (கோவை வாசகர்): டிங்கி சூப்பர்டாய்ஸ் ஃபோடன் பொம்மை லாரி ஒன்று, "அசல், பெட்டியோடு" என்று வருகிறது. விலை அதிகம். போலியைக் கண்டுபிடிப்பது எப்படி?

பதில்: போலி என்பதைவிட, "புதுப்பித்ததை அசல் என்று விற்பது" என்று சொல்வதுதான் சரி. லிவர்பூலில் மெக்கானோ நிறுவனம் 1947-இல் ஃபோடனைக் கொண்டுவந்தது. முதலில் வந்தவற்றில் ரேடியேட்டர் வெளியே தெரியும். 1950-களில் கேபின் மாறியது, மாடல் எண்களும் மாறின. 501 என்றிருந்தது 901 ஆனது. பெட்டியில் ஓர் எண்ணும் உள்ளே வேறு காலத்து வண்டியும் இருந்தால், இரண்டையும் யாரோ பிற்பாடு சேர்த்திருக்கிறார்கள்.

வண்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடித்தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டின் தலை உடையாமல் அப்படியே இருக்க வேண்டும். துளையிட்ட தடமோ, ஸ்குரூவோ, ரிவெட்டின் மேலேயே பெயின்டோ தெரிந்தால் அதைப் பிரித்து மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்கள். அசலில் கேபின் விளிம்புகளிலும் சக்கர வளைவிலும் பெயின்ட் உரிந்து உலோகம் தெரியும். குழந்தை விளையாடியது அல்லவா! எழுபது வயதுப் பொம்மையில் ஒரு கீறல்கூட இல்லையென்றால் கேள்வி கேளுங்கள். பெட்டிக்கு ஒரு புற ஊதா டார்ச் போதும். இன்றைய வெள்ளைத் தாள் அதன் ஒளியில் நீலமாகப் பளிச்சிடும், பழைய அட்டை மங்கலாகவே இருக்கும்.

கம்பெனி விளம்பரம் எழுதிய டிங்கியின் கை (Guy) வேன் பொம்மைகளிடம் இன்னும் ஜாக்கிரதை தேவை. சாதாரண வேனில் புது எழுத்து ஒட்டி, பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள். புதுப்பித்தது என்று சொல்லியே, அதற்கேற்ற விலைக்கு விற்பவர்களும் இருக்கிறார்கள். வைத்து ரசிக்க மட்டும் என்றால் நான் அவர்களிடம்தான் வாங்குவேன். சுங்க வரியையும் தபால் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு ஏலத்தில் இறங்குங்கள்.

கேள்வி (சென்னை வாசகர்): தாத்தா 50-களின் கடைசியில் காமெட் லாரி வைத்திருந்தார். நினைவாக வைத்துக்கொள்ள ஒரு "லேலண்ட் காமெட்" பேட்ஜ் தேடுகிறேன். ஒருவர் "அசல் இங்கிலாந்து" என்று இரண்டு மடங்கு விலை சொல்கிறார். தாத்தாவின் வண்டி இங்கிலாந்து வண்டியா, நம்ம ஊர் வண்டியா?

பதில்: பெரும்பாலும் எண்ணூர் வண்டி. ஆஸ்டின் கார்களை ஒருங்கிணைக்க 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், பிறகு லேலண்டோடு ஒப்பந்தம் போட்டு காமெட்டை இங்கே கட்டத் தொடங்கியது. 1955-இல் லேலண்ட் பங்குதாரராக வந்ததும் பெயர் அசோக் லேலண்ட் ஆனது. வண்டியின் ஆர்.சி. புத்தகமோ பழைய பெர்மிட்டோ வீட்டில் இருக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள், தயாரிப்பாளர் பெயர் அதிலேயே இருக்கும். அசோக் லேலண்ட் என்று இருந்தால் இங்கிலாந்து பேட்ஜுக்கு இரண்டு மடங்கு கொடுக்க ஒரு காரணமும் இல்லை. பழைய இரும்புக் கடைகளிலும் லாரி பாடி கட்டும் பட்டறைகளிலும் சொல்லிவையுங்கள். கிடைத்தால் பின்பக்கத்தைப் பாருங்கள்: மாட்டும் ஆணிகள் பழசாக, நுனியில் மரை தேய்ந்திருந்தால் அது ஒரு வண்டியிலிருந்து கழன்று வந்தது.