மலேசியாவிலும் இலையுதிர்காலம் உண்டா?

கெடா மாநிலத்துச் சுங்கை பட்டாணிப் பக்கம் பிப்ரவரியில் பால்மரத் (ரப்பர் மரத்) தோட்டங்கள் செம்மஞ்சளாகி இலை கொட்டுவதைப் பார்த்துப் பலர் கேட்பது இது. குளிர்நாட்டுப் பருவம் எதுவும் இங்கே இல்லை. அமேசான் காட்டிலிருந்து வந்த பால்மரம், நான்கைந்து வயதானபின் ஆண்டுக்கொரு முறை பழைய இலைகளைக் கழித்துவிடும். அவ்வளவுதான்.

ஏன்? மரம் தண்ணீரை அதிகம் இழப்பது இலை வழியாக. கெடாவில் ஆண்டுத் தொடக்கத்தில் மழை குறையும்போது, இலைக்காம்பின் அடியில் மெல்லிய தடுப்பு உருவாகி இலை கழன்றுவிடும். தண்ணீர்த் தடை அறிவிப்பு வந்ததும் அம்மா குழாய்களையெல்லாம் இறுக மூடுவாரே, அந்த மாதிரி.

அந்த நாட்களில் தோட்டத் தொழிலாளர் வீடுகளான லயத்துக்குப் பின்னால் நடந்தால் காலடியில் அப்பளம் நொறுங்கும் சத்தம். மூன்று மூன்றாய்ச் சேர்ந்த இலைகள் பால் பிடிக்கும் மங்குக்குள்ளும் கிடக்கும். பாலும் குறையும், மரம் சீவிப் பால் எடுக்கும் வெட்டுக்காரர்களுக்கு இது கையைக் கடிக்கும் காலம். சில வாரங்களில் செம்புநிறத் தளிர் வந்துவிடும்.

குளிரால்தான் இலை உதிர்கிறது என்று நினைக்காதீர்கள். கெடாவில் வெயில் மண்டையைப் பிளப்பதே அந்த மாதங்களில்தான்.