தென்கிழக்கு ஆசியப் பயணத்துக்குக் கடன் வாங்கலாமா, வைப்புத்தொகையை உடைக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 29. கோயம்புத்தூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் வடிவமைப்புப் பொறியாளராக இருக்கிறேன். பிடித்தம் போகக் கையில் வரும் சம்பளம் 46,000 ரூபாய். பெற்றோருக்கு அனுப்பும் 8,000 ரூபாயையும் சேர்த்து மாதச் செலவு 27,000 ரூபாய். எஸ்.ஐ.பி. என்ற மாதாந்திர முதலீட்டில் 5,000 ரூபாய் போகிறது. வங்கியில் 1,50,000 ரூபாய்க்கு ஒன்றும், வரும் ஜூனில் முதிர்வடையும் 60,000 ரூபாய்க்கு ஒன்றுமாக இரண்டு வைப்புத்தொகைகளும், சேமிப்புக் கணக்கில் 60,000 ரூபாயும் உள்ளன. ஏப்ரலில் முதுகுப்பையோடு தனியாகப் புறப்பட்டு, 30 நாட்களில் கோலாலம்பூர், பினாங்கு, பாங்காக், சியம் ரீப், ஹோ சி மின் நகரம், ஹனோய் ஆகிய ஆறு ஊர்களின் தெருக்கடை உணவையும் சந்தைகளையும் கோயில்களையும் பார்த்துவர ஆசைப்படுகிறேன். 1,80,000 ரூபாய் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறேன். எனக்குச் சம்பளத்துடன் கூடிய விடுப்பு 15 நாள் இருக்கிறது. "எஃப்.டி.யை உடைக்காதீர்கள், 14 சதவீத வட்டியில் 1,50,000 ரூபாய் தனிநபர் கடன் தருகிறோம், எஃப்.டி. வட்டியே கடன் வட்டியைச் சரிக்கட்டிவிடும்" என்று வங்கியிலிருந்து அழைக்கிறார்கள். கடன் வாங்கலாமா? வெளிநாட்டுப் பணத்துக்கு 20 சதவீத வரி பிடிப்பார்கள் என்கிறார்களே, உண்மையா? பணத்தை எப்படி எடுத்துச் செல்வது?

பதில்: கடன் வாங்க வேண்டாம். பெரிய வைப்புத்தொகையையும் தொட வேண்டாம். பயணத்தை ஏப்ரலிலிருந்து ஜூலைக்குத் தள்ளிவைத்து, ஆறு ஊர்களை மூன்றாகக் குறைத்துக்கொண்டால், உங்களிடம் உள்ள பணத்திலேயே நிம்மதியாகப் போய்வரலாம்.

வங்கிக்காரர் சொன்ன வாதத்தை முதலில் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அது கேட்பதற்குச் சரியாகத் தோன்றும் வாதம், பலரைக் கடனில் இறக்கிவிடும் வாதமும் அதுதான். 1,50,000 ரூபாயை 14 சதவீதத்தில் 24 மாதத்துக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 7,200 ரூபாய், மொத்த வட்டி சுமார் 22,800 ரூபாய். அதே 1,50,000 ரூபாய் 7 சதவீத வைப்பில் இரண்டாண்டு கிடந்தால் கிடைக்கும் வட்டி சுமார் 22,300 ரூபாய். இரண்டும் ஏறக்குறைய சமம்தானே என்று தோன்றும். ஆனால் தவணையைக் கட்டப்போவது வைப்புத்தொகை அல்ல, மாதந்தோறும் உங்கள் சம்பளம். கடன் வாங்காமல், வைப்பை எடுத்துச் செலவிட்டுவிட்டு, அந்த 7,200 ரூபாயை மாதந்தோறும் அதே 7 சதவீதத்தில் தொடர் வைப்பில் போட்டு வந்தீர்களானால், இரண்டாண்டு முடிவில் உங்களிடம் ஏறத்தாழ 1,85,000 ரூபாய் இருக்கும். கடன் வாங்கிய வழியில் இருப்பது 1,72,300 ரூபாய் மட்டுமே. இதோடு 2 சதவீதச் செயலாக்கக் கட்டணமும் அதன் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்ந்தால் இன்னும் 3,540 ரூபாய் போகும். ஆகக் கடன் வழியில் நீங்கள் இழப்பது 16,000 ரூபாய்க்கு மேல். பாங்காக்கில் பல நாட்களுக்குத் தங்கவும் சாப்பிடவும் போதுமான தொகை அது.

அப்படியானால் வைப்பையே உடைக்கலாமே என்றால், அதற்கும் நான் உடன்படவில்லை. உங்கள் சம்பளத்தை நம்பிப் பெற்றோர் இருக்கிறார்கள். ஆறு மாதச் செலவான 1,62,000 ரூபாய் எந்தக் காரணத்துக்காகவும் கைவைக்காத பணமாக இருக்க வேண்டும். 1,50,000 ரூபாய் வைப்பும் சேமிப்புக் கணக்கில் 12,000 ரூபாயும் அதற்கென்று ஒதுக்கப்பட்டவை என்று எடுத்துக்கொள்ளுங்கள். மீதி 48,000 ரூபாயும், ஜூனில் முதிர்வடையும் 60,000 ரூபாயும், ஏப்ரல் முதல் ஜூன் வரை மாதம் 14,000 வீதம் மிச்சமாகும் 42,000 ரூபாயும் சேர்ந்து 1,50,000 ரூபாய் வரும். இதற்காக எஸ்.ஐ.பி.யை நிறுத்த வேண்டியதில்லை. முன்கூட்டியே எடுத்ததற்கான அபராத வட்டியும் இல்லை. ஜூலையில் கம்போடியாவிலும் தாய்லாந்திலும் மழைக்காலம், பயணிகள் குறைவு, விடுதி வாடகையும் இறங்கியிருக்கும். நீங்கள் நினைத்த ஏப்ரலிலோ கம்போடியாவின் சியம் ரீப்பில் வெயில் உச்சத்தில் இருக்கும், பாங்காக்கில் ஏப்ரல் 13 முதல் 15 வரையிலான தாய்லாந்துப் புத்தாண்டான சொங்க்ரான் விழாவையொட்டி அறைகளுக்குப் போட்டியும் இருக்கும்.

உங்கள் 1,80,000 ரூபாய்க் கணக்கில் ஒரு செலவு விடுபட்டிருக்கிறது. 30 நாள் பயணத்தில் 22 வேலை நாட்கள் போகும், விடுப்பு 15 நாள்தான். மீதி ஏழு நாட்களுக்குச் சம்பளப் பிடித்தம் 10,700 ரூபாயை எட்டும், அதையும் பயணச் செலவில்தான் சேர்க்க வேண்டும். 20 நாள் பயணமென்றால், இடையில் வரும் மூன்று சனி, ஞாயிறுகளைக் கழித்தால் 14 வேலை நாட்கள்தான், விடுப்புக்குள் அடங்கிவிடும்.

இனி ஊர்களைப் பற்றி. சிக்கனப் பயணம் என்றதும் எல்லோரும் சாப்பாட்டில் கைவைக்கிறார்கள், கோயில் நுழைவுக் கட்டணத்துக்கு யோசிக்கிறார்கள். இந்த வட்டாரத்தில் பணம் கரைவது அங்கே அல்ல. ஊர்விட்டு ஊர் மாறும்போதுதான் கரைகிறது: விமானக் கட்டணம், பெட்டிக்கான தனிக் கட்டணம், இரு முனைகளிலும் விமான நிலையப் போக்குவரத்து, விசா, புதிய ஊரில் விலை தெரியாத முதல் நாள். சியம் ரீப்பின் புதிய விமான நிலையம் 2023 அக்டோபரில் திறக்கப்பட்டது, ஊரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து பேருந்தில் வருவதற்கும் டாக்சியில் வருவதற்குமே பல மடங்கு வித்தியாசம். வியட்நாமின் இரண்டு நகரங்களைச் சேர்த்தால் 25 டாலர் இ-விசாவும் கூடுதல் விமானங்களும் பத்து நாள் தங்கலுமாக 40,000 ரூபாய்க்குக் குறையாது. ஆகவே பினாங்கு, பாங்காக், சியம் ரீப் மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வியட்நாமைத் தனியொரு பயணமாக வையுங்கள். உணவு, சந்தை, கோயில் மூன்றையும் தேடுகிற உங்களுக்கு இந்த மூன்று ஊர்களிலேயே 20 நாள் போதாது என்றுதான் சொல்வேன்.

சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானம் இருக்கிறது. பினாங்கிலிருந்து பாங்காக்குக்குப் பறக்க வேண்டாம். படகில் எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த் போய், அங்கிருந்து மின்சாரத் தொடர்வண்டியில் தாய்லாந்து எல்லையிலுள்ள பாடாங் பெசார் போனால், ஒரே நிலையத்துக்குள் இரு நாட்டுக் குடிவரவுச் சோதனையும் முடிந்துவிடும். பிறகு தெற்குத் தாய்லாந்தின் ஹாட் யாய், அங்கிருந்து இரவுத் தூங்கு வண்டியில் பாங்காக். ஓர் இரவு விடுதி வாடகையும் மிச்சம். பாங்காக்கிலிருந்து சியம் ரீப்புக்குப் பேருந்தில் போகலாம் என்று பழைய பயணக் குறிப்புகளில் படித்திருப்பீர்கள். 2025-இல் தாய்லாந்து - கம்போடிய எல்லையில் மூண்ட மோதலையடுத்துத் தரைவழிக் கடவுகள் மூடப்பட்டன, அந்த வழியை நம்பித் திட்டம் போடாமல் விமானக் கட்டணத்தைக் கணக்கில் வையுங்கள்.

என் மதிப்பீடு இது. சென்னை - பினாங்கு, பாங்காக் - சியம் ரீப், சியம் ரீப்பிலிருந்து திரும்புதல் ஆகிய விமானங்களுக்கு 35,000 ரூபாய். பொது அறைப் படுக்கை, உணவு, உள்ளூர்ப் பேருந்து, படகு எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 2,800 வீதம் 56,000 ரூபாய். தொடர்வண்டிகளுக்கு 5,000 ரூபாய். கம்போடிய விசா 30 டாலர், டாலரை 90 ரூபாய் என்று வைத்தால் 2,700 ரூபாய். கோயில் கட்டணங்களுக்கு 8,500 ரூபாய், காப்பீட்டுக்கு 2,500 ரூபாய். இவையெல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 1,10,000 ரூபாய் ஆகின்றன. எதிர்பாராச் செலவுக்குப் 10,000 ரூபாய் வைத்தாலும் 1,20,000 ரூபாய்க்குள் முடியும், 30,000 ரூபாய் மிஞ்சும்.

கோயில் கட்டணத்தில் மட்டும் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். சியம் ரீப்பின் அங்கோர் கோயில் வளாகத்துக்கு ஒரு நாள் சீட்டு 37 டாலர், மூன்று நாள் சீட்டு 62 டாலர், அதைப் பத்து நாட்களுக்குள் விருப்பமான மூன்று நாட்களில் பயன்படுத்தலாம். நாளொன்றுக்கு 37 டாலர் 21 டாலராகக் குறைகிறது என்பது ஒரு பக்கம். அங்கோர் வாட்டின் கிழக்குச் சுற்றில், தேவரும் அசுரரும் வாசுகியை இழுக்க நடுவில் திருமால் நிற்கும் பாற்கடல் கடையும் புடைப்புச் சிற்பம் மட்டும் ஏறத்தாழ 50 மீட்டர் நீளம். இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்கு எழுப்பிய அந்தக் கோயிலை ஒரே நாளில் மற்ற கோயில்களோடு ஓடி ஓடிப் பார்ப்பது, கொடுத்த பணத்துக்கே நட்டம். பாங்காக்கில் பெரிய அரண்மனைக்குத் தாய்லாந்து நாணயத்தில் 500 பாட், கோயில்களான வாட் போவுக்கு 300 பாட், வாட் அருணுக்கு 200 பாட். அரண்மனை வாசலுக்கு அருகில் "இன்று மூடியிருக்கிறது, வேறு கோயில் காட்டுகிறேன்" என்று அன்பாகப் பேசி டுக்-டுக்கில் ஏற்றுபவர்கள் ரத்தினக் கடையில்தான் இறக்குவார்கள். சீட்டுக் கொடுக்கும் இடம்வரை நடந்துபோய் நீங்களே பாருங்கள். பினாங்கின் குயின் தெரு மகாமாரியம்மன் கோயிலுக்கும் பாங்காக் சீலோம் மாரியம்மன் கோயிலுக்கும் கட்டணம் இல்லை. இரண்டும் நம் ஊர்களிலிருந்து கடல் கடந்தவர்கள் எழுப்பியவை, போகாமல் வராதீர்கள்.

சாப்பாட்டில் சிக்கனம் தானாக வரும், ஒரு சில பழக்கங்கள் இருந்தால். தமிழ் முஸ்லிம்கள் பினாங்கில் வேரூன்றச் செய்த நாசி கண்டார் கடையில், சோற்றுத் தட்டை நீட்டியதும் நாலைந்து குழம்புகளைக் கலந்து ஊற்றிக்கொண்டே "என்ன வேண்டும்" என்பார்கள். விலையைச் சொல்வது கடைசியில்தான். கோழியும் வெண்டைக்காயும் எடுத்தால் மலிவு, பெரிய இறாலையும் மீன் முட்டையையும் காட்டினால் அதே தட்டு இரண்டு மூன்று மடங்காகிவிடும். எடுப்பதற்கு முன் விலையைக் கேளுங்கள், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பாங்காக்கில் அசோக் நிலையத்தை ஒட்டிய டெர்மினல் 21 வணிக வளாகத்தின் உணவுக்கூடத்தில் முன்பணம் ஏற்றிய அட்டையில் வாங்கி, மீதியைத் திரும்பப் பெறலாம். விலை தெருக்கடை அளவுக்குத்தான். நீங்கள் சைவமென்றால், இந்திய உணவகங்களைத் தேடி மும்மடங்கு கொடுக்க வேண்டாம். மஞ்சள் நிறத்தில் சிவப்பெழுத்துக் கொடி தொங்கும் தாய்லாந்துக் கடைகளில் மீன் சாறுகூடச் சேராது. சத்துசக் வாரச் சந்தையில் வாங்கும்போது பையின் எடையை நினைவில் வையுங்கள். மலிவு விமானங்களில் கைப்பை 7 கிலோதான், மிஞ்சினால் விமான நிலையத்தில் கட்டும் தொகை சந்தையில் பேரம் பேசி மிச்சப்படுத்தியதை விழுங்கிவிடும்.

வரி பற்றிய அச்சம் உங்களுக்குப் பொருந்தாது. வெளிநாட்டுச் செலவுக்கு ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் வரை டி.சி.எஸ்., அதாவது பணம் செலுத்தும்போதே முன்கூட்டிப் பிடிக்கும் வரி, இல்லை. 2025 ஏப்ரல் முதல் இதுவே வரம்பு. ஆனால் முகவரிடம் விமானமும் தங்குமிடமும் சேர்ந்த வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பாக வாங்கினால் முதல் ரூபாயிலிருந்தே பிடிப்பார்கள். அதுவும் வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறக்கூடியதுதான் என்றாலும், பல மாதம் முடங்கிக் கிடக்கும். நீங்களே தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள்.

பணத்தை மூன்றாகப் பிரித்து எடுத்துச் செல்லுங்கள். ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற நாணய மாற்றகத்தில், விமான நிலையத்துக்கு வருமுன்பே, 500 டாலர் ரொக்கமாக வாங்கிக்கொள்ளுங்கள். 50,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் என்றால் வங்கிக் கணக்கிலிருந்துதான் செலுத்த வேண்டும். கம்போடியாவில் டாலரே புழங்குகிறது, சில்லறைதான் உள்ளூர் நாணயமான ரியெலில் வரும். ஆனால் ஓரத்தில் நகக்கண் அளவு கிழிசல் இருந்தாலும் நோட்டை வாங்க மறுப்பார்கள், எனவே ஒவ்வொரு நோட்டையும் விளிம்புவரை தடவிப் பார்த்து வாங்குங்கள், உங்களுக்குச் சில்லறையாகத் திரும்பி வருவதையும் அப்படியே பாருங்கள். பாங்காக்கில் பாட் மாற்றுவதற்கு 100 டாலர் நோட்டுக்குத்தான் நல்ல விகிதம் கிடைக்கும்.

இரண்டாவது, வெளிநாட்டு நாணயத்தை முன்பே ஏற்றிவைக்கும் ஃபாரெக்ஸ் கார்டு அல்லது அன்னியச் செலாவணிக் கூடுதல் கட்டணம் இல்லாத டெபிட் கார்டு. சாதாரணக் கிரெடிட் கார்டில் 3.5 சதவீதக் கட்டணமும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து 4.13 சதவீதம் போகும். தாய்லாந்து ஏ.டி.எம்.களில் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட்டுக்குக் குறையாமல் பிடிப்பார்கள். 2,000 பாட் எடுத்தால் அது 11 சதவீதம், 10,000 பாட் எடுத்தால் 2.2 சதவீதம். அடிக்கடி எடுக்காதீர்கள். "இந்திய ரூபாயில் கணக்கிடவா?" என்று திரை கேட்டால் வேண்டாம் என்று சொல்லி உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள், ரூபாயை அழுத்தினால் அவர்கள் வைத்த விகிதம்தான். மூன்றாவதாக உங்கள் கிரெடிட் கார்டு, மருத்துவமனை முன்பணம் போன்ற அவசரத்துக்கு மட்டும், வேறு பையில். அதில் ரொக்கம் எடுத்தால் அன்றிலிருந்தே வட்டி ஓடும்.

மருத்துவக் காப்பீடு 50,000 டாலருக்குக் குறையாமல் எடுங்கள். இருசக்கர உரிமமும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் இல்லாமல் வாடகை ஸ்கூட்டர் ஓட்டி விழுந்தால் இழப்பீடு கிடைக்காது. கடவுச்சீட்டை ஈடாகக் கேட்கும் வாடகைக் கடைக்குப் போகாதீர்கள். விசா விதிகளும் அண்மை ஆண்டுகளில் அடிக்கடி மாறியிருக்கின்றன, டிக்கெட் வாங்குமுன் அந்தந்தத் தூதரகத் தளத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். தாய்லாந்து, மலேசியா இரண்டும் வருகைக்கு முன் இணையத்தில் நிரப்பச் சொல்லும் அட்டைக்கு அரசுத் தளத்தில் கட்டணமே இல்லை, பணம் கேட்கும் தளம் இடைத்தரகருடையது.

மிஞ்சும் பாட்டை பாங்காக்கை விட்டுக் கிளம்புமுன்பே டாலராக்குங்கள், நாணயங்களை யாரும் மாற்றித் தரமாட்டார்கள். ரியெலுக்கு நாட்டுக்கு வெளியே மதிப்பில்லை, அங்கேயே செலவழித்துவிடுங்கள். டாலர் நோட்டுகள் 2,000 வரை வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. அதற்கு மேற்பட்டதைத் திரும்பிய 180 நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டும், உங்களுக்கு அந்தத் தேவை வராது. ஃபாரெக்ஸ் கார்டில் கிடக்கும் மீதியை ரூபாயாக்கி, மிஞ்சிய 30,000 ரூபாயோடு சேர்த்து ஒரு வைப்பில் போட்டு, அதற்கு வியட்நாம் என்று பெயரிடுங்கள்.