மார்ச் காற்றும் பாய்மரப் படகும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: வார இறுதிகளில் தென் இங்கிலாந்தின் சோலண்ட் நீரிணையில் 26 அடி பாய்மரப் படகு ஓட்டுகிறோம். காற்று முன்னறிவிப்பு 15 நாட் (மணிக்கு 15 கடல்மைல்) என்றாலும், மார்ச் மாதத்தில் திடீரென ஒரு காற்று வீச்சு அடித்தால் படகு சாய்ந்து, சுக்கானுக்கு அடங்காமல் காற்றைப் பார்த்துத் திரும்பிவிடுகிறது. கோடையில் இப்படி ஆவதில்லையே? (வாசகர், சவுதாம்ப்டன்)

பதில்: முன்னறிவிப்பில் வருவது சராசரி வேகம். வீச்சு அதைவிட 40 சதவீதம் வரை கூடலாம். உங்கள் 15 நாட் 21 ஆகும். பாயின் மேல் விழும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால் சுமை ஏறக்குறைய இரட்டிக்கும். போதாததற்கு, 5 டிகிரி குளிர்காற்று 25 டிகிரிக் காற்றைவிட 7 சதவீதம் அடர்த்தியானது. படகு சாய்ந்ததும் பாயின் தள்ளுவிசை பக்கவாட்டில் வெளியே நகர்ந்து முனையைத் திருப்புகிறது. சுக்கானில் ஒரு பகுதி நீருக்கு மேலே வந்துவிடுகிறது. அப்போது சுக்கானோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. மெயின்ஷீட்டை (பெரிய பாயைக் கட்டுப்படுத்தும் கயிற்றை) தளர்த்துங்கள், சாய்வு குறைந்ததும் சுக்கான் பிடிக்கும்.

துறையில் கட்டியிருக்கும்போதே முதல் ரீஃப் (பாயின் பரப்பைச் சுருக்கும் மடிப்பு) போட்டுவிட்டுக் கிளம்புவதே சரி. கடலில் அதை அவிழ்ப்பது எளிது, போடுவதுதான் பாடு. போட நேர்ந்தால் டாப்பிங் லிஃப்டால் (மேலிருந்து தாங்கும் கயிற்றால்) பூமை, அதாவது பாயின் அடியிலுள்ள கிடைக்கழியைத் தாங்கவைத்து, மெயின்ஷீட்டையும் கிக்கரையும் (பூமைக் கீழே இழுத்துப் பிடிக்கும் கயிற்றையும்) தளர்த்துங்கள். ஹால்யார்டை (பாயை மேலே ஏற்றும் கயிற்றை) இறக்கிப் பாயின் முன்மூலை வளையத்தைக் கொக்கியில் மாட்டி, ஹால்யார்டை மறுபடி விறைப்பாக ஏற்றியபின் பின்மூலைக் கயிற்றை இழுங்கள். அது வரவில்லை என்றால் பெரும்பாலும் கிக்கரைத் தளர்த்த மறந்திருப்பீர்கள். அப்போது வின்ச்சால் (கயிறு இழுக்கும் உருளையால்) இழுத்தால் பாய் கிழியும். நடுவிலுள்ள சிறு கயிறுகள் தொங்கும் துணியை ஒதுக்க மட்டுமே. பின்மூலை தளர்வாக இருக்க அவற்றை இறுக்கினால் சுமை அங்கே ஏறி, துளையிலிருந்து கிழியத் தொடங்கும்.

சோலண்டின் மேற்கு வாயிலிலுள்ள ஹர்ஸ்ட் முனைப் பக்கம் போனால் நீரோட்டத்தையும் பாருங்கள். கடல் வற்றும்போதான ஓட்டம் மேற்கே பாயும்போது தென்மேற்குக் காற்று எதிர்த்தடித்தால் அலை செங்குத்தாக எழும். அன்றைக்குக் கிழக்குப் பக்கமே இருந்துகொள்ளலாம்.

கேள்வி: குளிர்காலம் முழுக்க நின்ற டீசல் எஞ்சின் ஓடுகிறது, புகைக்குழாயில் குளிர்விப்புத் தண்ணீர் வரவில்லை.

பதில்: உடனே நிறுத்துங்கள். கடல்நீர் வால்வு திறந்திருக்கிறதா, வடிகட்டியில் பாசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் கடல்நீரை இழுக்கும் பம்ப்பின் ரப்பர் இம்பெல்லர், அதாவது சுழலும் இதழ்ச் சக்கரம்தான் குற்றவாளி. மாதக்கணக்கில் ஒரே நிலையில் வளைந்திருந்த இதழ்கள் விறைத்து உடைந்திருக்கும். புதியதை மாட்டுமுன் உடைந்த துண்டுகளை எண்ணிப் பாருங்கள். குறைகிற துண்டு ஹீட் எக்ஸ்சேஞ்சர் (எஞ்சின் சூட்டைக் கடல்நீருக்கு மாற்றும் பகுதி) வாயில் சிக்கியிருக்கும். அதை எடுக்காவிட்டால் எஞ்சின் மறுபடி சூடேறும்.

இன்னொன்று: எஞ்சின் பிடிக்காமல் ஸ்டார்ட்டரை நெடுநேரம் சுற்றுவதானால் கடல்நீர் வால்வை மூடிவிடுங்கள். வெளியே தள்ளப் புகை இல்லாததால் தண்ணீர் சைலன்சரில் நிறைந்து சிலிண்டருக்குள் ஏறும். எஞ்சின் பிடித்த கணமே வால்வைத் திறக்க வேண்டும்.

கேள்வி: தானாக ஊதும் உயிர்காப்பு அங்கியை எப்படிச் சோதிப்பது?

பதில்: வாயால் ஊதி ஓர் இரவு விட்டுவையுங்கள், காலையில் தளர்ந்திருந்தால் உபயோகிக்க வேண்டாம். அங்கியிலுள்ள சிறிய காஸ் சிலிண்டரைக் கழற்றிச் சமையலறைத் தராசில் நிறுத்து, அதில் பொறித்த எடையோடு ஒப்பிடுங்கள். துருப்பிடித்ததையும் காலாவதியானதையும் மாற்றுங்கள். அங்கியின் தொடைப்பட்டையைக் கட்டாயம் மாட்ட வேண்டும். மார்ச்சில் சோலண்ட் கடல்நீர் ஏறத்தாழ 8, 9 டிகிரி. விழுந்தவர் முதல் நிமிடம் மூச்சை அடக்க முடியாமல் திணறுவார். பட்டை இல்லாவிட்டால் அங்கி மேலேறி, முகம் நீருக்குள் போய்விடும்.